மூன்று ச்கோனியாக்கள்

குட்டாய்சி நகரில், ரியோனி ஆற்றைப் பார்த்த மூன்றாம் மாடியில்
பழைய ஆய்விதழ்களுக்கு முகவரி எழுதுகிறான் தெங்கிஸ்.
தலைப்பு, ஆசிரியர், சுருக்கம், திறவுச்சொல் ஐந்து,
பக்கம் இன்னது முதல் இன்னது வரை.
ஒரு காற்புள்ளி இடம் மாறினால்
கடல் கடந்த அட்டவணை கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும்,
காரணம் சொல்லாமல்,
கோபமும் இல்லாமல்.

தொண்ணூற்று நான்கு, குளிர்கால இதழ்.
மின்சாரம் இல்லாத ஆண்டு. சாம்பல் நிறத் தாள்.
அச்சானது நூற்றிருபது படி.
எழுபது இங்கேயே தங்கிவிட்டது; கயிறு அவிழாமல்
அலமாரியின் உடைந்த காலுக்கு முட்டுக்கொடுத்தபடி.
அதற்குள் பதினோரு பக்கம்:
மண்ணில் புதைத்த மதுச்சாடிகளின் உட்சுவரில்
படரும் ஒரு பூஞ்சை.
எழுதியவர் நானுலி ச்கோனியா.

அது இருந்தது. இருபத்தெட்டு ஆண்டு இருந்தது.
இருப்பது வேறு, அகப்படுவது வேறு.

படிவம் திறவுச்சொல் கேட்டது.
கட்டுரையில் இல்லை; அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.
தெங்கிஸே போட்டான்: பூஞ்சை, சுடுமண், திராட்சை,
சாடிக்கு அவ்வூர்ப் பெயர்.
ஐந்தாவதற்கு ஒன்றும் தோன்றாமல்
ரொட்டியைக் கடித்துக்கொண்டே
'ஈரப்பதம்' என்று தட்டினான்.

மார்ச்சில் மெண்டோசாவிலிருந்து ஒரு மின்னஞ்சல்.
பியான்கா ஓயார்சாபல் என்பவர், நிலவறைச் சுவர்கள்
ஏன் கறுக்கின்றன என்று தெரியாமல்
அர்ஜென்டினாவில் விழித்துக்கொண்டிருந்தவர்.
அவர் தேடிய சொல் ஈரப்பதம்.
'கட்டுரை கிடைத்தது. நன்றி.
ஆனால் அட்டவணையில் மூன்று ச்கோனியாக்கள்.
சகோதரிகளா?'

அந்தப் பெயரின் முதல் எழுத்துக்கு
நாக்கை அண்ணத்தில் ஒட்டி, மூச்சை அடக்கி,
பட்டென்று விட வேண்டும்.
ரோமன் எழுத்தில் அதற்கு நாற்காலி இல்லை.
நம் ழகரம் வெளியூரில் படும் பாடு தெரிந்தவர்களுக்கு
இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.
ஓர் இதழ் அவரை டி-யில் தொடங்கியது,
இன்னொன்று சி-யில்.
சி-யின் தலையில் கொக்கி மாட்டிய மூன்றாமவர்
போன மாதம் பிறந்தார்,
தெங்கிஸின் விசைப்பலகையில்.

நானுலி நேரில் வந்தார். வயது எழுபத்தொன்று.
மின்தூக்கி காசு கேட்டது; கொடுக்க மனமில்லாமல்
முழங்காலைத் திட்டிக்கொண்டே படியேறினார்.
திரையில் தன்னை மூன்றாகப் பார்த்தார்.
டி: நான்கு கட்டுரை. சி: ஒன்பது. கொக்கி: ஒன்று.
வெகுநேரம் சிரித்தார்.
பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு,
'பதவி உயர்வுக் குழு இந்த நான்கைத்தான் பார்த்தது,' என்றார்.
'போதாது என்றார்கள்.
எனக்கும் அன்று கணக்குப் புரியவில்லை.'

தெங்கிஸ் விண்ணப்பம் எழுதினான்.
மூவரும் ஒருவரே என்பதற்குச் சான்று கேட்டார்கள்.
கடவுச்சீட்டு, பழைய பணிச்சான்று, கையெழுத்து
எல்லாம் போயின.
பதினோரு வாரம் கழித்து வந்தது பதில்:
இருவரை இணைத்தோம்.
கொக்கிக்காரருக்கு ஆதாரம் போதவில்லை.

மேல்முறையீடு செய்யலாம் என்றான்.
தன் பிழை என்ற குறுகுறுப்பு அவனுக்கு.
'வேண்டாம்,' என்றார் நானுலி.
'அவளுக்குக் குழு இல்லை, ஓய்வூதிய வரிசை இல்லை,
முழங்கால் வலி இல்லை.
அவளாவது ஊர் சுற்றட்டும்.'

இப்போது கொக்கிக்காரருக்கு மேற்கோள் ஏழு.
இணைந்த இருவரைவிட இரண்டு அதிகம்.

கட்டிலிருந்து ஒரு படியை உருவி
நானுலி கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.
அலமாரி லேசாகச் சாய்ந்தது.
அட்டவணையில் சேர்வதற்கான விதிமுறைகள்,
நூற்றுப் பதினெட்டு பக்கம்,
மேசைமேல் கிடந்தது.
தெங்கிஸ் அதை எடுத்து மடித்து
காலுக்கடியில் செருகினான்.
சரியாகப் பொருந்தியது.